ஒரு முழு நிமிஷம்

அவளுக்கு 'ஃபர்ஸ்ட் இயர்' என்று பட்டப்பெயர் வைத்தது நான்தான். வைத்த மறுவாரமே ஆஸ்பத்திரி முழுக்கப் பரவிவிட்டது. ஆபரேஷன் தியேட்டரிலிருந்து போன் வந்தால்கூட, "இன்னைக்கு ஃபர்ஸ்ட் இயர் டூட்டியா?" என்றுதான் கேட்பார்கள். அவள் காதிலும் விழுந்தது. கோபப்படவில்லை. யார் வைத்த பெயர் என்றும் விசாரிக்கவில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

நர்சிங் படிக்கிறவர்களுக்கு முதல் வருஷத்தில் 'நர்சிங் ஃபவுண்டேஷன்' என்று ஒரு பாடம் உண்டு. கை கழுவுவது, படுக்கை விரிப்பது, நோயாளியைப் புரட்டிப் படுக்கவைப்பது, உடம்பைத் துடைத்துவிடுவது, காய்ச்சல் பார்ப்பது, நாடி பிடிப்பது, மூச்சு எண்ணுவது. இந்தத் தொழிலுக்கு அஸ்திவாரமே இதுதான் என்று டீச்சர்கள் சொல்வார்கள். நாங்களும் உருப்போட்டுப் பரீட்சை எழுதுவோம். அடுத்த வருஷமே ஊசி, டிரிப், தியேட்டர் என்று பெரிய பெரிய சமாசாரங்கள் வந்துவிடும். அஸ்திவாரத்தை யார் திரும்பிப் பார்க்கிறார்கள்? எல்லோரும் மாடி ஏறிவிடுவோம். அவள் மட்டும் ஏறவில்லை. பன்னிரண்டு வருஷம் சர்வீஸ் ஆன பிறகும் முதல் வருஷப் பாடத்தைத்தான் நடத்திக்கொண்டிருந்தாள், ஒரு வரி விடாமல்.

நானும் அவளும் ஒரே செட். ஒன்றாகப் படித்து, தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் போகிற சாலையில் இருந்த ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஒன்றாகச் சேர்ந்தோம். ஆண்கள் எலும்புமுறிவு வார்டு, இருபத்தெட்டுக் கட்டில். நான் சாத்தான்குளத்து வாத்தியார் மகள். கை வேகம், வாய் அதைவிட வேகம். வேறு யாருக்கும் அகப்படாத நரம்பு எனக்கு முதல் குத்தில் அகப்படும். தியேட்டரிலிருந்து என்னைத் தேடி வருவார்கள். அவள் கடற்கரைக்காரி, அண்ணன்மார் இரண்டு பேரும் கப்பலில் இருந்தார்கள். ஆற அமரத்தான் எதையும் செய்வாள். இரண்டு பேருக்கும் சேர்ந்து டூட்டி விழுந்தால் அவள் எட்டுக் கட்டிலை முடிப்பதற்குள் நான் இருபதை முடித்திருப்பேன். எனக்குப் பற்றிக்கொண்டு வராதா?

அந்த ஆஸ்பத்திரியை விட்டு வந்து பல வருஷமாகிறது. வந்தேன் என்று நாகரிகமாகச் சொல்கிறேன், அனுப்பினார்கள். இப்போது தூத்துக்குடிக்குப் பக்கத்துப் புதுக்கோட்டையில், திருநெல்வேலி ரோட்டு மேலேயே, ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறேன். அவள் கல்யாணமாகி வெளிநாடு போய்விட்டாள். அவள் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால், "நான் இப்பிடிச் சொன்னதா உனக்கு நெசமாவே ஞாபகம் இருக்கா, இல்ல அழகுக்குச் சேத்துக்கிட்டியா?" என்று கேட்பாள். பதில் சொல்லி மாளாது.

ஒரு தடவை ஆத்தூரிலிருந்து வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கிற அண்ணாச்சி ஒருவர் இடுப்பெலும்பு ஒடிந்து வந்து படுத்தார். எழுபது வயதிருக்கும். பொம்பளைப் பிள்ளை தம் முதுகைத் துடைப்பதா என்று போர்வையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். நானாக இருந்தால், வேண்டாமென்றால் போகிறது என்று அடுத்த கட்டிலுக்குப் போயிருப்பேன். அவள் வெந்நீர்ப் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு நின்றாள்.

"அண்ணாச்சி, கொடிக்காலுக்குத் தண்ணி விடுறதில்லையா நீங்க? அப்பிடி நெனச்சுக்கிடுங்களேன்."

"வெத்தல வெக்கப்படாதும்மா. நான் படுதேன்."

வார்டே சிரித்தது. அவளும் சிரித்தாள். ஆனால் போகவில்லை. கால் மணி நேரம் வெற்றிலைக் கதையெல்லாம் கேட்டு, கடைசியில் அவராகவே, "சரி, கண்ண மூடிக்கிடுதேன், என்ன வேணாலும் செய்யி" என்றார். துடைத்தவள் முதுகின் கீழ்ப்பக்கம் எட்டணா அகலத்துக்குச் சிவந்திருந்ததைக் கண்டுபிடித்தாள். படுக்கைப் புண்ணுக்கு ஆரம்பம். அன்றிலிருந்து இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை அவரைப் புரட்டிப் படுக்கவைத்தாள். அவள் இல்லாத நேரத்தில் எங்களையும் புரட்டவைத்தாள். அண்ணாச்சி நல்லபடியாக வீட்டுக்குப் போனார். அவர் மகன் எனக்குத்தான் ஸ்வீட் கொடுத்துவிட்டுப் போனான். வலிக்காமல் ஊசி போடுகிற சிஸ்டராம்! அவளைப் பற்றிப் புண் வராத முதுகுக்காரர் என்ன சொல்லப்போகிறார்? வராத புண் யார் கண்ணுக்குத் தெரியும்?

அவளைப் பெண் பார்க்க வந்த கதையை அவளே ஒரு நாள் சொன்னாள். மாப்பிள்ளை வீட்டார் சுற்றி வளைத்து, "ஆம்பளையளயும் தொட்டுத்தான் பாக்கணுமோ?" என்று கேட்டார்களாம். நர்ஸ் வேலை என்றால் சம்பந்தம் பேச வருகிறவர்கள் தவறாமல் இந்தக் கேள்வியில் வந்து நிற்பார்கள். எனக்கும் இது நடந்திருக்கிறது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவள், "தொடாம நாடி எப்பிடிப் பாக்க?" என்று கேட்டாளாம். கேட்டதோடு விட்டாளா? மாப்பிள்ளையின் அம்மா உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, "உங்க ரெண்டு காலும் வீங்கியிருக்கே, யாருகிட்டயும் காட்டினியளா?" என்றும் கேட்டிருக்கிறாள். அந்த அம்மா பிறகு காட்டினாரா என்று தெரியாது. அந்தச் சம்பந்தம் நடக்கவில்லை, அது தெரியும்.

அவளோடு டீ குடிப்பது ஒரு தண்டனை. ஊர்வம்பு பேசவே முடியாது. தியேட்டர் நர்ஸுக்கும் எக்ஸ்ரேக்காரருக்கும் ஏதோ இருக்கிறது என்று நாங்கள் குரலைத் தாழ்த்தி ஆரம்பிப்போம். "நீ பாத்தியா?" என்பாள். குத்தலாக எல்லாம் இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டும் என்கிற முகத்தோடு கேட்பாள். பார்க்கவில்லையே! அதோடு பேச்சு செத்துவிடும். சே, மனுஷி நிம்மதியாக ஒரு வம்பு பேச முடிகிறதா என்று எல்லோரும் டம்ளரை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விடுவோம்.

எழுதுவதும் அதே மாதிரிதான். ராத்திரி டூட்டி முடிகிறபோது எல்லா நர்ஸும் எல்லா நோயாளிக்கும் எழுதுகிற ஒரு வரி உண்டு: நன்றாகத் தூங்கினார். அவள் எழுதமாட்டாள். 'கண் மூடியிருந்தார், கூப்பிட்டதும் விழித்தார்' என்று எழுதுவாள். ஒரு டாக்டர் இதைப் படித்துவிட்டு, "ஏம்மா, தூங்கினாரா இல்லையா?" என்று கத்தினார். "அது அவருக்குல்ல சார் தெரியும்," என்றாள். காலையில் கேட்டிருக்கிறாள், அவர் தூங்கவில்லை என்று சொல்லியிருக்கிறார். அதையும் அடுத்த வரியில் எழுதியிருந்தாள். டாக்டர் அடுத்த வரியைப் படிக்கவில்லை.

எல்லாவற்றையும்விட எனக்கு எரிச்சல் மூட்டியது அவள் மூச்சு எண்ணுவதுதான்.

இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். கட்டிலின் கால்மாட்டில் தொங்குகிற சார்ட்டில் நாலு கட்டம் இருக்கும்: காய்ச்சல், நாடி, பிரஷர், மூச்சு. முதல் மூன்றுக்கும் கருவியோ விரலோ வேலை செய்யும். மூச்சுக்கு ஒன்றும் கிடையாது. பக்கத்தில் நின்று நெஞ்சைப் பார்த்து ஒரு நிமிஷம் எண்ண வேண்டும். எண்ணுகிறோம் என்று நோயாளிக்குத் தெரியவும் கூடாது. தெரிந்தால் மூச்சு மாறிவிடும். அதனால் நாடி பார்த்து முடித்த பிறகும் கையை விடாமல் பிடித்துக்கொண்டு, நாடி பார்க்கிற பாவனையிலேயே நின்று எண்ண வேண்டும். இருபத்தெட்டுக் கட்டிலுக்கு இருபத்தெட்டு நிமிஷம். ஆளுக்கு ஒரு நிமிஷம் சும்மா நிற்க யாருக்கு முடியும்? அதனால் ஊர் உலகத்தில் முக்கால்வாசி நர்ஸுகள் செய்வதை நானும் செய்தேன். மூச்சுக் கட்டத்தில் 'இருபது' என்று எழுதிக்கொண்டே போவேன். அழகுக்கு அங்கங்கே ஒரு பதினெட்டு, ஒரு இருபத்திரண்டு. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பன்னிரண்டு மணிக்கு எழுத வேண்டியதையும் எட்டு மணிக்கே எழுதி வைத்துவிடுவேன்.

அவள் ஒவ்வொரு கையாகப் பிடித்துக்கொண்டு ஒரு முழு நிமிஷம் நிற்பாள். "அந்த சிஸ்டருக்கு நம்ம மேல பிரியம்" என்று ஒவ்வொரு நோயாளியும் தனித்தனியாக நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

"அரை நிமிசம் எண்ணி ரெண்டால பெருக்கினா ஆவாதா?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"அடுத்த அரை நிமிசம் எப்பிடி இருக்கும்னு உனக்குத் தெரியுமாளா?"

அன்றைக்குத்தான் நான் அந்தப் பட்டப்பெயரை வைத்தேன்.

இனி அந்தச் சங்குகுளிக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொல்லாமல் அவளைப் பற்றி எழுதி முடிக்க முடியாது. நாற்பத்தைந்து வயதிருக்கும், திரேஸ்புரத்துக்காரர். சின்ன வயதிலிருந்தே கடலில் மூச்சடக்கி மூழ்கிச் சங்கு எடுத்தவர். கடல் அவரை ஒன்றும் செய்யவில்லை. உப்பு லாரி ஒன்று அவருடைய பைக்கில் இடித்து, தொடை எலும்பு இரண்டாக முறிந்து வந்தார். பதினொன்றாம் கட்டில். காலில் எடை கட்டித் தொங்கவிட்டு, மூன்றாம் நாள் ஆபரேஷன் என்று முடிவாகியிருந்தது. மனைவி கூடவே இருந்தார். காலேஜில் படிக்கிற மகள் சாயங்காலம் வந்துவிட்டுப் போவாள்.

இரண்டாம் நாள் காலை. அந்தப் பக்கத்துப் பதினாலு கட்டில் என் பொறுப்பு. எட்டேகால் மணிக்கு நான் ஊசி வண்டியைத் தள்ளிக்கொண்டிருந்தபோது அவர் மனைவி வந்தார்.

"சிஸ்டர், விடியக்காலத்துலேருந்து இவியளுக்கு மூச்சு ஒரு மாதிரி வாங்குது. வந்து பாருங்களேன்."

"வலியில அப்பிடித்தாம்மா இருக்கும். ஊசி போட்டாச்சுல்லா, சரியாயிரும்," என்றேன். சார்ட்டில் எட்டு மணிக்கும் பன்னிரண்டு மணிக்கும் இருபது, இருபது என்று ஏற்கெனவே எழுதியாகிவிட்டது. பத்து மணிக்கு டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தார். அந்த அம்மா வாயைத் திறந்தார். டாக்டர் சார்ட்டில் எட்டு மணிக் கட்டத்தை மட்டும் பார்த்து, "எல்லாம் நார்மலா இருக்கே, பயப்படாதீங்க," என்று நகர்ந்துவிட்டார். ஆளைப் பார்க்காமல் தாளைப் பார்த்தார் என்று அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் கிடையாது. டாக்டர் ஒரு கட்டிலில் நிற்பது இரண்டு நிமிஷம். மற்ற நேரமெல்லாம் நோயாளி எங்கள் கண்பார்வையில்தான் இருக்கிறார். அந்தக் கண் பார்த்ததை நம்பித்தான் அவர் மருந்து எழுதுகிறார். நான் பார்க்கவில்லை என்பது அவருக்கு எப்படித் தெரியும்?

பதினொரு மணிக்கு அந்த அம்மா மறுபடியும் வந்தார். "பேச்சும் கொழறுது சிஸ்டர். சங்கு குளிக்கிற மனுசன், மூச்சுதான் அவியளுக்குப் பொழப்பு. அவிய மூச்சு எனக்குத் தெரியாதா?"

எனக்குக் கை நிறைய வேலை. "டாக்டரவிட உங்களுக்குத் தெரியுமோ?" என்று கேட்டேன்.

அந்த அம்மா போய் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். அதற்குப் பிறகு என்னிடம் வரவில்லை.

மதியம் இரண்டு மணிக்கு அவள் டூட்டிக்கு வந்தாள். நான் பையை எடுத்துத் தோளில் மாட்டிவிட்டேன். சாத்தான்குளம் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். அவள் வழக்கம்போல முதல் கட்டிலிலிருந்து கையைப் பிடிக்க ஆரம்பித்தாள். பதினொன்றாம் கட்டிலில் நின்றாள். நின்றுகொண்டே இருந்தாள். ஒரு நிமிஷம் முடிந்ததும் மறுபடி ஒரு நிமிஷம் எண்ணினாள். பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னாள்.

"ஏளா, போகாத. முப்பத்தாறு இருக்கு."

அவள் சார்ட்டை எடுத்துப் பார்த்தாள். இருபது, இருபது. என் கையெழுத்து. கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தி, ஆக்சிஜன் வைத்து, டாக்டருக்குப் போன் போட்டாள். அந்தப் பக்கம் அவர், காலையில் இருபதுதானே இருந்தது, பயத்தில் வாங்குகிறதோ என்னவோ என்றிருக்கிறார். "சார், நான் எண்ணினது முப்பத்தாறு. நீங்க வாங்க," என்றாள். எந்த டாக்டரையும் அவள் அப்படி அழைத்து நான் கேட்டதில்லை.

வந்தார். நெஞ்சில் சிவப்புச் சிவப்பாகப் புள்ளிகள் இருந்தன. உடைந்த பெரிய எலும்பிலிருந்து கொழுப்பு ரத்தத்தில் கலந்து நுரையீரலில் போய் அடைத்துக்கொள்கிற கோளாறு. மூச்சு வேகமாவதுதான் அதற்கு முதல் அடையாளம். ஐசியூவுக்குக் கொண்டுபோனோம். அங்கே மூன்றாம் நாள் அவர் இறந்துபோனார். காலை எட்டு மணிக்கே தெரிந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று டாக்டரிடம் ஒரு நாள் மெதுவாகக் கேட்டேன். சொல்ல முடியாது என்றார். பிழைத்திருக்க மாட்டார் என்று சொல்லிவிடமாட்டாரா என்று ஏங்கித்தான் கேட்டேன். அவர் சொல்லவில்லை.

அடுத்த வாரம் அந்த அம்மாவும் மகளும் வந்து புகார் சொன்னார்கள். மெடிக்கல் சூப்பரின்டென்டென்ட் அறையில் விசாரணை வைத்தார்கள். நான், அவள், அந்த அம்மா, மகள். அந்த அம்மா, விடிகாலையிலிருந்தே மூச்சு வாங்கியது, காலை டூட்டி சிஸ்டரிடம் இரண்டு தடவை சொன்னேன் என்றார். சூப்பரின்டென்டென்ட் சார்ட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு முதலில் அவளிடம் கேட்டார்.

"ரெண்டு மணிக்கு முப்பத்தாறு சார். அதுக்கு முந்தி நான் வார்டுல இல்ல," என்றாள்.

"காலையில எழுதினது சரியா இருக்குமா?"

"எழுதினவளக் கேளுங்க சார்."

என் பக்கம் திரும்பினார். வேலை போய்விடும், பேர் போய்விடும், அப்பா ஊரில் தலைநிமிர்ந்து நடக்க முடியாது, எல்லாம் ஒரு நொடியில் ஓடியது. "இருபதுதான் சார் இருந்தது," என்றேன். "இந்தம்மா உங்ககிட்ட ஏதாவது சொன்னாங்களா?" என்று கேட்டார். "இல்ல சார்," என்றேன்.

நன்றாக ஞாபகம் இருக்கிறது, அந்த அம்மா என்னைப் பார்க்கவில்லை. மகளைத்தான் பார்த்தார். மகளும் அவரைப் பார்த்து, "ஏம்மா, நீ சொல்லவே இல்லியா?" என்றாள். "சொன்னேம்ளா..." என்று ஆரம்பித்தவர், மேஜை மேலிருந்த சார்ட்டைப் பார்த்தார், சூப்பரின்டென்டென்டின் வெள்ளைக் கோட்டைப் பார்த்தார், குரல் இறங்கிவிட்டது. "இன்னும் சத்தமாச் சொல்லியிருக்கணுமோ என்னமோ," என்றார். சாவு திடீரென்று வந்தது, யார் தவறும் இல்லை என்று எழுதி முடித்தார்கள்.

நான் தப்பித்துவிட்டேன். அன்றிலிருந்து அவளைக் கண்டாலே எனக்குப் பிடிக்கவில்லை. அவள் என்னைத் திட்டியிருந்தால் பதிலுக்கு நாலு கேட்டு ஆற்றிக்கொண்டிருப்பேன். நீ மட்டும் என்ன ஒழுங்கு, எட்டுக் கட்டிலுக்கு அரை நாள் எடுக்கிறவள்தானே என்று கேட்க வாக்கியமெல்லாம் தயாராக வைத்திருந்தேன். அவள் கேட்கவே இல்லை. எப்போதும்போல டீ குடிக்க வந்தாள், எப்போதும்போல வார்டை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டாள். நான் மட்டும் வீட்டுக்குப் போய் அவளைக் கரித்துக்கொட்டினேன். அதோடு ஒன்று, நான் மூச்சு எண்ண ஆரம்பித்திருந்தேன். ஒரு முழு நிமிஷம். யார் கையைப் பிடித்தாலும் அந்த அம்மாவின் குரல்தான் காதில் கேட்கும்.

இரண்டு மாதம் போயிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், வார்டை ஒப்படைக்கிற நேரம், சார்ட்டை அடுக்கிக்கொண்டே சொன்னாள்.

"அந்தப் பதினொன்னாம் கட்டில் அம்மாவக் காலையில மாதா கோயில்ல பாத்தேன்."

நான் பேனாவை மூடிப் பையில் போட்டேன்.

"மக முன் வரிசையில நின்னா. அம்மா பின்னால கதவுகிட்ட நின்னாவ. பூசை முடிஞ்சதும் மக அவியளத் தாண்டித்தான் போனா. பேசல."

"ஏன் பேசலயாம்?"

"எனக்குத் தெரியாது."

"இப்ப என்னை என்ன செய்யச் சொல்லுத?" என் குரல் வார்டு முழுக்கக் கேட்டிருக்கும்.

"நான் ஒண்ணும் சொல்லல. பாத்ததச் சொன்னேன்," என்றாள்.

அப்படி ஒரு கோபம் வந்தது எனக்கு! இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. மூன்றாம் நாள் காலை டூட்டி முடிந்து, அவள் லீவில் இருந்த அன்றைக்கு, அவள் வீட்டு வாசலில் போய் நின்றேன். "கூட வாரியா?" என்று கேட்டேன். எங்கே என்று கேட்கவில்லை. செருப்பை மாட்டினாள். "வாரேன். ஆனா நான் ஒண்ணும் பேசமாட்டேன்," என்றாள்.

திரேஸ்புரத்தில் அந்த வீட்டைக் கண்டுபிடிக்க நேரமாகவில்லை. நாலு மணி வெயில். சந்தில் கருவாடு காய்ந்துகொண்டிருந்தது. அந்த அம்மா எங்களைப் பார்த்ததும் திகைத்துப்போய், பிறகு நாற்காலி எடுத்துப் போட்டு, கடைக்கு ஆளனுப்பிக் கலர் சோடா வாங்கிவரச் சொன்னார். என்னைத் தெரிந்தும்தான் அந்த உபசாரம். மகள் எங்களைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். கலர் வந்துவிட்டால் அதைக் குடித்துவிட்டுத் திரும்பிவிடுவேனோ என்று எனக்கே பயமாக இருந்தது. அதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டேன்.

"அன்னைக்கு நீங்க என்கிட்ட சொன்னீங்க. ரெண்டு தடவ சொன்னீங்க. நான் வந்து பாக்கல. எண்ணாமலே இருபதுன்னு எழுதினேன். விசாரணையிலயும் பொய் சொன்னேன்."

அந்த அம்மா நின்றபடியே இருந்தார். ஏசுவார், அடிப்பார் என்றுகூட எதிர்பார்த்தேன். அடித்தால் வாங்கிக்கொள்ளலாம் என்றிருந்தேன். அவர் மெதுவாக, "அப்போ நான் சொன்னேம்லா?" என்று கேட்டார். என்னைக் கேட்ட மாதிரி இல்லை.

"சொன்னீங்கம்மா."

"நாந்தான் சொல்லாம விட்டுட்டு, சொன்னதா நெனச்சுக்கிட்டேனோன்னு இருந்தேன்," என்றார். பிறகு உள்பக்கம் திரும்பி, "ஏளா, இங்க வா" என்று கூப்பிட்டார். அந்தச் சத்தம் தெருவரைக்கும் கேட்டிருக்கும். மகள் வந்து நிலைப்படியில் நின்றாள்.

"சிஸ்டர், இப்பச் சொன்னத இவகிட்டயும் சொல்லுங்க."

ஒரு தடவை சொல்வதற்கு இருந்த தெம்பு அந்த ஒரு தடவையிலேயே தீர்ந்துவிட்டது. அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நான் கூட வந்தவளைத் திரும்பிப் பார்த்தேன். எனக்காக ஒரு வார்த்தை சொல்லமாட்டாளா? 'ஆமாம்மா, உங்க அம்மா சொன்னாவ' என்றால் போதும், முடிந்துவிடும். அவள் மடியில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் கண் கலங்கியிருந்தது. ஆனால் வாயைத் திறக்கவில்லை. அவள் அந்தக் காலையில் அங்கே இல்லை. அவளுக்குத் தெரியாது. அது எனக்கு மட்டும்தான் தெரியும். எனக்கும் இந்த அம்மாவுக்கும்.

சொன்னேன். முழுக்கச் சொன்னேன்.

"எங்க அம்மா சொன்னதுக்கு நீங்க என்ன சொன்னிய?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

"டாக்டரவிட உங்களுக்குத் தெரியுமோன்னு கேட்டேன்."

மகள் உள்ளே போனாள். எல்லாம் முடிந்துவிட்டது, எழுந்து போக வேண்டியதுதான் என்று நினைத்தேன். காலேஜ் நோட்டையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு வந்து என் மடியில் வைத்தாள். "எழுதித் தாங்க," என்றாள்.

இதை எழுதிக் கொடுத்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். எழுதினேன். அந்த அம்மா மூச்சு வாங்குகிறது என்று என்னிடம் வந்து சொன்னார்கள், நான் போய்ப் பார்க்கவில்லை, மூச்சை எண்ணாமலே எழுதினேன் என்று எழுதினேன். கையெழுத்துப் போடப் போனபோது கூட வந்தவள் குனிந்து தாளைப் பார்த்தாள். அந்த வீட்டில் அவள் பேசியது அது ஒன்றுதான்.

"நேரம் போடலயேளா."

காலை எட்டேகால், பதினொன்று என்று இரண்டு இடத்திலும் போட்டுக் கையெழுத்துப் போட்டேன். அந்த அம்மாவுக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது போலிருக்கிறது. தாளை வாங்கித் தரையில் உட்கார்ந்து பார்த்துவிட்டு மகளிடம் நீட்டினார். அவள் சத்தமாக வாசித்தாள். எட்டேகாலுக்கு வந்ததும் அந்த அம்மா கையைக் காட்டி நிறுத்தினார்.

"அந்த எடத்த இன்னொரு தடவ வாசி."

மகள் அம்மாவுக்குப் பக்கத்தில் தானும் தரையில் உட்கார்ந்து வாசித்தாள்.